'ஐ.டி.க்குப் போயிடணும் தாத்தா'

எதிர் வீட்டுப் பையனுக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக காண்ட்ராக்டில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தான். சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி நிலையம். ஆறு மாதம், எண்பதாயிரம் ரூபாய், 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்'. அம்மாவின் வளையலை அடகு வைக்கப் போகிறார்களாம்.

"ஐ.டி.க்குப் போயிடணும் தாத்தா. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கல. எத்தனை வருஷம் இருந்தாலும் பர்மனென்ட் பண்ண மாட்டாங்க" என்றான்.

படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்கிப் போகத்தான் வந்திருந்தான், யோசனை கேட்க அல்ல. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவனுக்கு கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் வழக்கம் போகாது. முன்பக்கத்து 'உத்தரவாதம்' பின்பக்கம் பொடி எழுத்தில் 'வேலைவாய்ப்புக்கு உதவி செய்யப்படும்' என்று ஆகியிருந்தது. கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்பது அதற்கு அடுத்த வரி. பையன் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை.

"ஐ.டி.யில் என்ன வேலைக்குப் போகப்போறே?" என்று கேட்டேன். "சாஃப்ட்வேர்தான்" என்றான். இது "கவர்மென்ட் வேலைக்குப் போறேன்" என்பது மாதிரி. தலையாரியும் கவர்மென்ட், கலெக்டரும் கவர்மென்ட். புரோகிராம் எழுதுவது, எழுதியதைச் சோதிப்பது, நெட்வொர்க் பார்ப்பது, டேட்டாவை அலசுவது எல்லாம் தனித்தனித் தொழில்கள். எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்று தெரியாமல் வளையலைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 1954 நவம்பரில் புதுச்சேரி நிர்வாகம் கைமாறியபோது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகும் அப்பா என்னை பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டார். பிரெஞ்சு என்றால் உத்தியோகம் என்பது அவர் காலத்து நம்பிக்கை. நான் பிரெவே முடித்து வெளியே வந்தபோது அந்தச் சான்றிதழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்த பிறகுதான் அரசு வேலை கிடைத்தது. அப்பா வாங்கியது ஒரு பெயரை. இந்தப் பையனும் ஒரு பெயரைத்தான் வாங்கப் பார்க்கிறான்.

அந்தப் பெயரும் முன்பு இருந்தபடி இல்லை. டி.சி.எஸ். மாதிரி ஒரு நிறுவனமே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன புரோகிராம் வேலைகளை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆறு மாதத்தில் கற்றுத் தருவது பெரும்பாலும் அந்தச் சின்ன வேலையைத்தான்.

அதற்காக கம்பெனியிலேயே கிட என்று நான் சொல்லவில்லை. அவன் ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு வருடமாக அவன் சி.என்.சி. மெஷினில் நிற்கிறான். மெஷின்களை இயக்கும் பி.எல்.சி.யையும், கன்ட்ரோல் ரூமில் திரையில் ஓடும் ஸ்கேடாவையும் தினம் பார்க்கிறான். ஸ்டோரில் சரக்கு வரவு செலவு சாப் மென்பொருளில் ஏறுகிறது. இவையும் கம்ப்யூட்டர் வேலைதானே? மெஷின் ஏன் நிற்கிறது என்று தெரிந்தவன் புரோகிராமும் கற்றுக்கொண்டால், புரோகிராம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அவன் எந்த விதத்தில் குறைந்தவன்? "அதெல்லாம் ஐ.டி. இல்ல தாத்தா" என்றான். கழுத்தில் அட்டை தொங்கினால்தான் ஐ.டி. போலும்!

படிப்பதற்கு வளையல் தேவையே இல்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் டேட்டா சயின்ஸுக்கு ஆன்லைன் பட்டப்படிப்பு தொடங்கியது. ஜே.இ.இ. கிடையாது, வயது வரம்பு கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், பாதியில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கணக்கில் கொஞ்சம் பிடிப்பு வேண்டும், அவ்வளவுதான். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறந்தாயிற்று. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினால் போய்விடலாம்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று வருடத்துக்குக் கோடு போட்டேன். முதல் வருடம் வேலையை விடக் கூடாது, தினம் ஒன்றரை மணி நேரம் ஒரே ஒரு மொழி, பைத்தான். ஆறு மாதத்தில் அது பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் ஆயிரம் ரூபாயோடு போகும். இரண்டாம் வருடம் அவன் கம்பெனியில் கையால் எழுதும் ஏதாவது ஒரு ரிஜிஸ்டருக்காவது சொந்தமாக ஒரு புரோகிராம் செய்து சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். மூன்றாம் வருடத்தைக் காலியாக விட்டேன். அது அவன் முடிவு.

சொல்லும்போதே உள்ளூர உறுத்தியது. எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, "எனக்கு எதுக்கு இனிமே?" என்று தட்டிக்கழித்தவன் நான். எனக்கு எட்டு வருடம் இளையவர் மூன்று மாதத்தில் சம்பளப் பட்டியலை அதில் போட்டுக் காட்டினார். அதன்பிறகு அவர் மேஜையைச் சுற்றித்தான் ஆபீஸே நின்றது. ஓய்வு பெறும்வரை என் சொந்த இன்கிரிமென்ட் கணக்குக்கே அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. வளையலை அடகு வைத்தாவது போகணும் என்ற அவசரம் அன்று எனக்குக் கொஞ்சமாவது இருந்திருக்கலாம்.

பையன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்று அவனுக்கு நைட் ஷிஃப்ட், கம்பெனி பஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் காலை ஷிஃப்டாம், சாயங்காலம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.