நஞ்சுக்கு நாம் இட்ட பெயர் மருந்து

அட்டனை அண்மித்த றொசல்லவிலும் சரி, மலையகத்தின் ஏனைய தோட்டங்களிலும் சரி, களைநாசினி தெளிக்கும் வேலைக்கு 'மருந்தடித்தல்' என்றே பெயர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் கொல்வதற்கும் ஒரே சொல். அபாயத்தை இனங்காண்பதற்கு முதற் தடை இச்சொல்லே.

இரண்டாவது தடை சுட்டுத்துண்டு இருக்கும் இடம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவையும் சுட்டுத்துண்டையும் கட்டாயமாக்குகின்றது. ஆயினும் அச்சுட்டுத்துண்டு களஞ்சியத்திலுள்ள கலனில் ஒட்டப்பட்டிருக்கிறது. நீருடன் கலந்து முதுகிற் சுமக்கும் தெளிகருவிக்குள் வந்துவிட்டால் எல்லாத் திரவமும் ஒன்றுதான்.

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். "என்ன அடித்தார்?" என வைத்தியர் கேட்கிறார். "மருந்து" என்பது விடையாகாது. ஓகனோபொஸ்பேற்று நஞ்சானால் அத்ரோபின் கொடுப்பர். பரகுவாட் ஆனால் நஞ்சுமுறிப்பான் இல்லை. ஒட்சிசன் கொடுப்பதுகூட நுரையீரற் சேதத்தைக் கூட்டக்கூடும். தவறிக் குடிப்பதைத் தடுக்கவே பரகுவாட்டுக்கு நீல நிறமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தனர். வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும் சுட்டுத்துண்டு அது. 2008 தொடக்கம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு அது இலங்கையில் தடைசெய்யப்பட்டது.

பின்னர் கிளைபோசேட்டின் முறை வந்தது. 2015இல் தடை; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு; 2021இல் இரசாயனப் பசளைகளோடு பீடைகொல்லி இறக்குமதிக்கே தடை; 2022இல் கிளைபோசேட்டுக்கு மீண்டும் அனுமதி. ஏற்றுமதி வருமானம், விளைச்சல், அரசியல் என யாவும் பேசப்பட்டன. தெளிப்பவரிடம் அவர் முதுகில் இருப்பது எதுவென எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் எல்லையை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. தேயிலை மலை தொழிற்சாலையன்று. ஆனால் இரசாயனத்தை வேறு கலனுக்கு மாற்றினாலும் அதன் அடையாளமும் அபாயமும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 170ஆம் இலக்கச் சமவாயம் 1990இலேயே கூறிவிட்டது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. காலையில் பிரட்டுக் களத்தில், அன்றைய நஞ்சின் பெயர், நச்சுக்குறிகள், தெளித்த மலைக்குள் எத்தனை மணி நேரம் கொழுந்தெடுக்கச் செல்லலாகாது என்பவற்றைத் தமிழில் உரத்து வாசிக்கட்டும். தெளிகருவியிலும் அப்பெயரை ஒட்டட்டும். வெற்றுக் கலன் தண்ணீர் பிடிக்க லயத்துக்குப் போகாதிருக்கட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதனையும் வைக்க வேண்டும். நாள் முழுதும் நஞ்சைச் சுமப்பவருக்கு அதன் பெயரை அறியும் உரிமையாவது உண்டு.