கடலில் விழும் காயம் யார் கணக்கில்?

2025 ஜனவரி மாதத்தில் சென்னைக் கரையிலும் அதை அடுத்த கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. அறுத்துப் பார்த்த கால்நடை வைத்தியர்கள், மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் என்றார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

"மனிதன் செத்தாலே கேட்பாரில்லை, ஆமை செத்தால் நமக்கென்ன?" என்று விழுப்புரத்து ஆலைத் தொழிலாளி கேட்கலாம். திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் கூலித் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆமையைக் கொன்றது எது என்று பார்த்தால், நம்மை நசுக்கும் அதே கணக்கு அங்கேயும் இருப்பது தெரியும்.

ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. திமிங்கலத்தையும் ஓங்கலையும் போல அதுவும் மேலே வந்து மூச்சு வாங்கியே தீரவேண்டும். விசைப்படகின் இழுவைமடி கடலடியைத் துழாவிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதற்குள் சிக்கிய ஆமைக்கு மேலே வர வழியில்லை. திமிறித் திமிறியே சாகிறது. தப்பியவற்றின் உடம்பிலும் தழும்பு மிச்சம். வலைக்கயிறு இறுக்கித் துடுப்பு அறுந்தவை உண்டு; படகின் விசிறி பட்டு ஓடு பிளந்தவை உண்டு. வட அட்லாண்டிக் கடலில் ஒருவகைத் திமிங்கலத்தை விஞ்ஞானிகள் படம் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றின் உடம்பில் கயிறு அறுத்த வடு இருந்தது. ஆலைத் தொழிலாளியின் கையைப் பார்த்தால் அவன் எந்த இயந்திரத்தில் வேலை செய்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா? கடலிலும் அப்படித்தான்.

வேலி போட்டால் லாபம் குறையுமாம்!

இந்தச் சாவைத் தடுக்க வழியில்லையா? உண்டு. வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தவேண்டும். இறாலும் சிறுமீனும் கம்பிகளின் இடையே புகுந்து மடியின் அடிக்குப் போகும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். இதற்கு 'ஆமை விலக்கி' என்று பெயர். அமெரிக்காவில் 1987-லேயே இதற்கு விதி வந்தது. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் படகுகளுக்கு ஏற்ற சட்டத்தைச் செய்து காட்டியது. ஆயினும் இழுவைப்படகுகளில் அது அபூர்வம்.

ஏன்? பெரிய மீனும் தப்பிவிடும், வருமானம் குறையும் என்கிறார்கள் படகு முதலாளிகள். இந்த வாதத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம்! சுழலும் சக்கரத்துக்கும் ஓடும் பட்டைக்கும் வேலி போடவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தபோதும், வேலி போட்டால் வேலை தாமதப்படும் என்றுதானே சொன்னார்கள்? விரல் போனது யாருக்கு? வேலியைக் கழற்றி வைத்து லாபம் பார்த்தது யார்? ஆமை விலக்கியும் இயந்திரத்துக்குப் போடும் வேலிதான்.

அமெரிக்கா கதவை மூடியபோது

இழுவைமடி நம் கடலில் தானாக முளைத்ததல்ல. 1950-களில் கேரளத்தில் நார்வே உதவித் திட்டத்தோடு வந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்குக் கொட்டிய பணத்தால் வளர்ந்தது. கட்டுமரக்காரர் 1970-களிலேயே எதிர்த்து நின்றார்கள், மோதல்கள் நடந்தன. அந்தப் போராட்டத்தின் பலனாகவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையோரக் கடல் சிறு மீனவருக்கு என்று அது ஒதுக்கியது. இன்று 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு தொழில் செய்யக்கூடாது. ஆமைகள் முட்டையிடக் கூடுவதும் அந்தக் கரையோரக் கடலில்தான். அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரும் படகு, சிறு மீனவரின் வலையை அறுக்கிறது. அதே ஓட்டத்தில் ஆமையின் மூச்சையும் அடைக்கிறது.

ஆமை விலக்கி இல்லாத படகில் பிடித்த கடல் இறால் வேண்டாம் என்று அமெரிக்கா 2019-இல் கதவை மூடியது. அதன் பிறகுதான் அதிகாரிகளிடம் பரபரப்பு. எங்கோ இருக்கும் வியாபாரி கண் சிவந்தால் ஓடுகிறவர்கள், மரக்காணத்து மீனவர் மனுக் கொடுத்தால் ஏன் நடக்கக்கூட மறுக்கிறார்கள்?

தண்டனை கூலிக்காரனுக்கா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். விசைப்படகில் வலை இழுக்கும் தொழிலாளி இந்தக் கதையில் குற்றவாளி அல்ல. டீசல், ஐஸ் செலவு கழித்து, முதலாளி பங்கு கழித்து, மிஞ்சியதில்தான் அவனுக்குக் கூலி. எந்த வலை, எங்கே போடுவது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. ஆமையோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே வலையில் ஆமை வந்தால் பயந்துபோய் உடனே கடலில் தள்ளிவிடுகிறார்கள். மயங்கிக் கிடக்கும் ஆமையைப் பின்பக்கம் உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போட்டு வைத்திருந்தால் சில மணி நேரத்தில் பல பிழைத்துக்கொள்ளும். அதற்கு அவகாசமும் கிடையாது, சொல்லித் தருவாரும் கிடையாது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. ஆமை விலக்கி பொருத்தும் செலவைப் படகு முதலாளியும் சர்க்காரும் ஏற்கட்டும்; தொழிலாளியின் பங்கில் கை வைக்கக்கூடாது. எல்லை மீறினால் உரிமம் போவது முதலாளிக்கு ஆகட்டும். கூலிக்காரனைப் பிடித்துக் கணக்குக் காட்டவேண்டாம். ஆமை வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையோரக் கடலில் ரோந்து நடக்கட்டும். அதில் உள்ளூர் மீனவருக்கும் இடம் தரட்டும். உயிரோடு ஆமையை விடுவிக்கும் தொழிலாளிக்கு வலை அறுந்த நஷ்டத்தைக் கொடுக்கட்டும்.

ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேலாகும். அதை ஒரே இழுப்பில் கொன்றுவிட்டு அறிக்கை எழுதினால் ஆமை திரும்பி வருமா? அறுந்த விரலுக்கு நஷ்டஈடு தந்தால் விரல் முளைக்குமா?

மரக்காணத்துக் கடல் நமக்குத் தூரமில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம். அங்குள்ள மீனவரும், உப்பளத்தில் கால் வெடிக்க உழைப்பவரும் நம் உறவினர். காயம்பட்ட பிறகு மருந்து தேடுவதைவிட, காயப்படுத்தும் இயந்திரத்துக்கு வேலி கேட்பதே மேல் என்பதை ஆலையிலும் வயலிலும் நாம் கற்றிருக்கிறோம். அந்தப் பாடத்தைக் கடலுக்கும் கொண்டு போவோம். மீனவர் கேட்கும்போது கூடச் சேர்ந்து கேட்போம்.