கோழிக்கூட்டுக்கு எந்த மரம்?

கொல்லையில் நாலைந்து கோழிகள் வளர்க்கவேண்டுமென்ற ஆசை நேயர்களில் பலருக்கு உண்டு. குழந்தைகளுக்கு அன்றாடம் புது முட்டை கிடைக்குமல்லவா? ஆனால் கோழி வாங்குவதில் காட்டும் ஜாக்கிரதையில் காற்பங்குகூடக் கூட்டின் மரத்தில் நாம் காட்டுவதில்லை. பழைய மரக்கடையில் மலிவாய் எது அகப்பட்டதோ, அதுவே கூடாகிவிடுகிறது.

கோழியோ கண்டதையெல்லாம் கொத்தும் பிராணி. பலகையில் சாயச் செதில் பெயர்ந்து நின்றால் அதைச் சும்மா விடாது. ஆகையால் மரம் வாங்கும்போது அதன் ஜாதியை விசாரிப்பதோடு, அதன்மேல் இதுவரை என்னென்ன பூசப்பட்டது என்பதையும் விசாரிக்கவேண்டும். நம் நாட்டில் வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சாயம் பூசிய கதவிலும் ஜன்னலிலும் எவ்வளவு ஈயம் இருக்குமென்று யார் கண்டது? கோழி விழுங்கிய ஈயம் மஞ்சட்கருவில் வந்து சேரும். அங்கிருந்து குழந்தையின் மூளைக்குக் கேடு விளைக்கும். ரயில் பாதையிலிருந்து கழித்த கட்டைகளும் வேண்டா. அவற்றில் ஊறிய கீலெண்ணெய் உடம்புக்கு ஆகாது.

பச்சைச் சாயல் படிந்த பதனிட்ட மரம் ஒன்றுண்டு. தாமிரம், குரோமியம், பாஷாணம் மூன்றும் கலந்த கரைசலை மரத்துக்குள் அழுத்திச் செலுத்தும் அம்முறையை 1933-இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸொண்டி காமேசம் என்னும் இந்தியர். உலகமெங்கும் பரவிய முறை அது. கரையானும் உளுப்பும் அம்மரத்தை அண்டா. எனினும் மழையில் பாஷாணம் சிறிது சிறிதாகக் கசிந்து மண்ணில் இறங்குவது பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அம்மரம் செய்வதை உற்பத்தியாளர்கள் 2003-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திக்கொண்டார்கள். தந்திக் கம்பத்துக்குப் பொருந்தியது கோழிக்குப் பொருந்தாது. அம்மரத்தை எரித்த சாம்பலோ இன்னும் அபாயம். எரித்தாலும் பாஷாணம் சாம்பலில் தங்கிவிடும். நம் கோழிகள் புரண்டு குளிப்பது சாம்பலில்தானே!

பார்சல் வரும் மரச்சட்டங்களைப் பிரித்துப் பலகையாக்குவோர் முத்திரையைப் பார்க்க. 'எச்.டி.' என்றிருந்தால் உஷ்ணத்தால் சுத்தி செய்தது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்பது மீதைல் புரோமைடு விஷப்புகை காட்டியது, தள்ளிவிடுக.

பின் எதைத்தான் வாங்குவது? சாயமில்லாத வேம்பு போதும். கையில் காசிருந்தால் தேக்கு. கால்களைக் கருங்கல்மேல் நிறுத்திவிட்டால் கரையானுக்கு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் இராது. பட்டையை உரித்துவிடவேண்டும்; பொருத்துகளில் இடுக்கு இருக்கலாகாது. பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செள்ளு அங்கேதான் குடியிருக்கும். சந்தேகமானால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீழே பரப்ப நெல் உமிக்கு நிகராக நம் பக்கத்தில் மலிவானது வேறில்லை. தச்சுப்பட்டறையின் இழைப்புச் சீவலும் நன்று. ஒட்டுப்பலகையும் சாயமரமும் அறுக்கும் பட்டறையானால் வேண்டா. நைஸான மரத்தூளைக் குஞ்சுகள் தீனியென்று தின்னும். கடலைத் தோல் நனைந்து பூஞ்சணம் பூத்தால் கோழியின் சுவாசப்பையைத் தாக்கும். செய்தித்தாள் வழுக்கிக் குஞ்சின் கால்களை அகட்டிவிடும்.

இரண்டு மூன்று அங்குலக் கனம் பரப்பி, அடிக்கடி கிளறிவிடவேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாய் நின்றால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் சரி. நெடியடிக்கிறதா என்பதை நின்றபடி பார்த்துப் பயனில்லை. கோழியின் உயரத்துக்குக் குனிந்து மோந்து பார்க்கவேண்டும். கண் கரித்தால் அன்றைக்கே கூளத்தை அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டுப் புது உமி பரப்புக. எருக்குழியில் மக்கியது அடுத்த பட்டக் கத்தரிக்கு ஆகும்.