ஓடிய வண்டிக்கு வாடகை எங்கே?

சங்ககிரியிலே லாரி புக்கிங் ஆபீசு ஒன்றின் வாசலிலே சற்று நின்று பாருங்கள். "லோடு இறக்கி மாதம் மூன்றாயிற்று, வாடகைதான் வரவில்லை" என்று குமுறும் உரிமையாளர் ஒருவரையேனும் காண்பீர்கள். வண்டி அவருடையது; டீசல் அவர் கைக்காசு; டிரைவருக்குப் பேட்டா கொடுத்தவரும் அவரே. சரக்கைப் பெற்றவரோ "அடுத்த மாதம்" என்கிறார்!

இந்திய அரசும் உலக மன்றத்தின் வாயிலிலே இவ்வாறே நின்றது என்றால் நம்புவீர்களா? 2019 மார்ச்சில் அமைதிப்படைக் கணக்கில் ஐ.நா. மன்றம் இந்தியாவுக்கு வைத்திருந்த பாக்கி 3 கோடியே 80 இலட்சம் டாலர். வேறெந்த நாட்டுக்கும் அன்று அவ்வளவு பாக்கி இல்லை.

ஐ.நா. மன்றத்துக்கென்று சொந்தப் படை கிடையாது. நாடுகள் அனுப்பும் வீரர்களே அதன் படை. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அனுப்பிய அரசுக்கு ஈடு தரப்படும். 2018இல் அது 1,428 டாலர். கொண்டுசென்ற வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் தனி வாடகை. பழுது பார்ப்பதும் உதிரிப்பாகமும் அனுப்பியவர் பொறுப்பானால் வாடகை சற்றுக் கூடும். நாமக்கல்லாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இப்பணம் உறுப்பு நாடுகள் தரவேண்டிய பங்கு. பெரும்பங்கு அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் உரியது. 25 விழுக்காட்டுக்கு மேல் தரமாட்டோம் என்று 1994இலேயே சட்டம் செய்துகொண்டது அமெரிக்கா. விதிக்கப்பட்ட பங்கோ அதற்கும் மேல். இடையிலே சில ஆண்டுகள் சட்டத்தைத் தளர்த்தியதும் உண்டு. தளர்த்தாத ஆண்டுகளில் விழுந்த துண்டு யார் தலையில்? ஆள் அனுப்பிய ஏழை நாடுகளின் தலையிலன்றோ!

பழைய கதைதான் இது. 1961 டிசம்பர் 5ஆம் நாள், காங்கோவின் எலிசபெத்வில் நகரிலே கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா களத்தில் வீழ்ந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். அதே காங்கோவின் செலவில் பங்கு தர மறுத்தன சோவியத் ஒன்றியமும் பிரான்சும். அதுவும் மன்றத்தின் செலவே என்று 1962இல் உலக நீதிமன்றம் கருத்துரைத்தது. உரைத்தும் என்ன? 1964இல் கூடிய பொதுச்சபை, சிக்கலுக்கு அஞ்சி வாக்கெடுப்பைத் தவிர்த்தே நடந்தது!

பணத்தில் நம் பங்கு சொற்பம். 2022 முதல் 2024 வரை நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. மறைப்பானேன்? ஆனால் இதுவரை நாம் அனுப்பியவர்கள் 2,90,000 பேருக்கு மேல். திரும்பாதவர்கள் ஏறத்தாழ 180 பேர். இதற்கு எந்த நாணயத்தில் கணக்கெழுதுவது?

2025 அக்டோபரில், கையில் பணமில்லை என்று ஒன்பது களங்களில் அமைதிப்படையினரை நான்கில் ஒரு பங்கு குறைக்கப்போவதாக அறிவித்தது ஐ.நா. மன்றம். படையைத் திருப்பி அழைத்துவிடலாம் என்போர் இங்கும் உளர். நாம் அவ்வாறு கூறோம். தெற்குச் சூடானின் முகாமிலே ஒண்டிக்கிடக்கும் தாய்மார்கள் நம்மிடம் கடன்பட்டவர்கள் அல்லர். நாம் கேட்பது வேறு. ஒரு நாட்டின் படையைப் பயன்படுத்துமுன் அந்நாட்டை முடிவெடுப்பதில் பங்குகொள்ள அழைக்கவேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 44ஆம் பிரிவு. படைபலம் பற்றிய அவ்விதியை அமைதிப்படைக்கும் உரியதாக்கக் கேளுங்கள். எத்தனை வீரர், எந்தக் களம், எவ்வளவு பாக்கி என்ற கணக்கை ஆண்டுதோறும் நம் நாடாளுமன்றத்தில் வைத்து விவாதியுங்கள். சேலமும் நாமக்கல்லும் அனுப்பிய உறுப்பினர்கள் அக்கேள்வியை எழுப்புவார்களா என்று, அவர்கள் ஊருக்கு வரும்போது கேட்டுப் பாருங்கள்.