லேப்டாப் சூடானால் முதலில் ஃபேனைப் பாருங்கள்

லேப்டாப் வாங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆனவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். அடிப்பாகம் சுடுகிறது, மடியில் வைக்க முடியவில்லை. ஃபேன் ஓயாமல் இரைகிறது. வேலை செய்து கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்து விடுகிறது. இதற்குப் பல கடைகளில் கிடைக்கும் பதில்களும் ஒன்று போலவே இருக்கும். "விண்டோஸ் மாற்றிப் போடலாம்", "கூலிங் பேட் வாங்கி அடியில் வையுங்கள்", "போர்டு போய்விட்டது சார், இதற்குச் செலவழிக்கும் பணத்தில் புதிதாகவே வாங்கி விடலாம்". உள்ளே இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, அதன் வழியில் தூசு அடைத்திருக்கிறதா என்று திறந்து பார்க்காமலேயே இந்தத் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

லேப்டாப்பின் உள்ளே ப்ராசசர் மீது ஓர் உலோகத் தகடு அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் என்னும் பசை தடவியிருப்பார்கள். தகட்டிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓரம் வரை செல்லும். குழாயின் உள்ளே சிறிதளவு திரவம் இருக்கும். சூடான முனையில் இது ஆவியாகி, மறு முனைக்குச் சென்று குளிர்ந்து, மீண்டும் திரவமாகித் திரும்பும். அந்த மறு முனையில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக மெல்லிய தகடுகள் அமைந்திருக்கும். அவற்றின் இடைவெளியில் காற்றைத் தள்ளுவதுதான் ஃபேனின் வேலை. இந்த அமைப்பில் அசையும் பொருள் ஃபேன் மட்டுமே. அசைவது தேயும். சைக்கிளுக்கு பிரேக் கட்டை எப்படியோ, லேப்டாப்புக்கு ஃபேன் அப்படி.

நம் வீடுகளில் தூசுக்குப் பஞ்சமில்லை. தெருப்புழுதி, தலைமுடி, பெட்ஷீட்டின் பஞ்சு எல்லாவற்றையும் ஃபேன் உள்ளே இழுக்கிறது. அவை ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டு போலாகி விடும். அதன் பின் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வெளியே வராது.

சூடு எல்லை மீறும்போது ப்ராசசர் தன்னைத் தானே காத்துக் கொள்ளும். இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றில் இந்த எல்லை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அணைந்து விடும். வேகம் குறைவதைப் பார்த்துத்தான் பலரும் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்கின்றனர். பைல்கள் போனதுதான் மிச்சம். தூசு அங்கேயே இருக்கிறது.

உங்கள் லேப்டாப்பில் என்ன கோளாறு என்பதை ஓரளவு நீங்களே கண்டறியலாம். காற்று வெளியேறும் துளை அருகே கையை வைத்துப் பாருங்கள். சத்தம் பலமாக இருந்து காற்று மெலிதாக வந்தால், தகடுகளில் அடைப்பு. லேப்டாப் கொதிக்கிறது, ஆனால் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் ஃபேன் நின்று விட்டது. கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் அதன் பேரிங் தேய்ந்திருக்கலாம். சத்தமும் நல்ல சூடான காற்றும் சேர்ந்து வருகிறதா? அப்படியானால் ஃபேன் தன் கடமையைச் செய்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த புரோகிராம் ப்ராசசரை விடாமல் வேலை வாங்குகிறது என்று பாருங்கள்.

சில லேப்டாப்கள் தாமாகவே இதைச் சொல்லி விடும். எச்பி லேப்டாப்கள் சிலவற்றில், ஃபேன் சரியாக இயங்கவில்லை எனில், ஆன் செய்தவுடன் 90பி என்ற எண்ணுடன் எச்சரிக்கை தோன்றும். ஒவ்வொரு முறையும் என்டர் தட்டி இதனைத் தாண்டிச் செல்பவர்கள் உண்டு. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். மீண்டும் மீண்டும் கொதித்து ஆறுவதால் சிப்பின் அடியில் உள்ள நுண்ணிய இணைப்புகள் விட்டுப் போகவும் கூடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், லேப்டாப்களுக்கான தன் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் இத்தகைய பலவீனம் இருப்பதை ஒப்புக் கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை இதற்கென ஒதுக்கியது. ஃபேனை மாற்றும் செலவுக்கு அஞ்சி நாளைக் கடத்தினால், பிறகு மதர்போர்டுக்குச் செலவழிக்க நேரிடலாம்.

கூலிங் பேட் குறித்து ஒரு வார்த்தை. அது வீண் என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது கொஞ்சம் உதவும். ஆனால் மூக்கடைத்தவனுக்கு விசிறி வீசுவது போலத்தான் அது. அடைப்பு அப்படியே இருக்கும். மெத்தை மேல் வைக்காமல் மேஜை மேல் வைத்தாலே பாதி பலன் காசில்லாமல் கிடைத்து விடும்.

வாரண்டி இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்லுங்கள். வாரண்டி முடிந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமும் இருந்தால் செய்யலாம். சார்ஜரைக் கழற்றி, திறந்தவுடன் பேட்டரி இணைப்பையும் எடுத்து விட வேண்டும். ப்ளோயரால் காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையைப் பல் குத்தும் குச்சியால் நிறுத்திப் பிடியுங்கள். தாறுமாறான வேகத்தில் சுற்ற விட்டால் பேரிங் கெட்டுப் போகும். வெளித்துளை வழியாக மட்டும் ஊதுவதால் அந்தக் கம்பளித் துண்டு அசையாது. ஃபேனைக் கழற்றி எடுத்துத்தான் அதை உரிக்க முடியும். ஹீட் சிங்க்கையும் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுவது கட்டாயம். பலரும் மறப்பது இதைத்தான்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் முக்கிய பைல்களை பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள். "போர்டு போய்விட்டது" என்று சொன்னால், ஃபேனை எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நம் பொருள்தானே. புது ஃபேன் போட்டால், அதன் மீதுள்ள பார்ட் நம்பரும் பழையதன் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே மாடலிலும் ப்ராசசருக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று என இரண்டு ஃபேன்கள் இருக்கலாம்; ஒன்று மற்றதன் இடத்தில் சேராது.

தயாரிப்பாளர்களையும் சும்மா விடக் கூடாது. முன்பு சில மாடல்களில் அடியில் ஒரு சிறு மூடியைக் கழற்றினால் ஃபேன் கைக்கு வந்து விடும். சில மாடல்களிலோ கீபோர்டு முதல் மதர்போர்டு வரை அனைத்தையும் பிரித்தால்தான் ஃபேனின் முகத்தையே பார்க்க முடிகிறது. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 10க்கு இத்தனை என மதிப்பெண் போட்டு லேப்டாப்களை விற்க வேண்டும் என விதி கொண்டு வந்தனர். நம் கடைகளில் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்றுதான் பேச்சு. அடுத்த முறை வாங்கும்போது, கீழ் மூடியைக் கழற்றினால் ஃபேன் தெரியுமா என்றும் விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ யூடியூபில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே தேடிப் பாருங்கள்.