கோபுரம் இல்லாத வானில்

சாங்கியையும் கே.எல்.ஐ.ஏ.வையும் பார்த்துப் பழகிய நமக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத விமான நிலையம் என்றால் வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவிலோ அதுவே வழக்கம். பொதுப் பயன்பாட்டுக்கான ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களில் சுமார் 500இல்தான் கோபுரம் உண்டு. மற்ற இடங்களில் விமானிகள் பொது அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தை அறிவித்து, பிற விமானங்களைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். கண்ணின் மீது வைக்கப்படும் இந்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து.

2022 ஆகஸ்டு 18ஆம் நாள் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் நடந்ததைப் பாருங்கள். ஒற்றை இயந்திரம் கொண்ட செஸ்னா 152 முறையான சுற்றுப்பாதையில் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. இரட்டை இயந்திரம் கொண்ட செஸ்னா 340, சுற்றில் சேராமல், சுமார் 180 நாட் வேகத்தில் நேராக ஓடுபாதையை நோக்கி வந்தது. அது மணிக்கு 330 கிலோமீட்டர்! இரு விமானிகளும் வானொலியில் பேசினார்கள். பின்னால் வருபவர் வேகமாக நெருங்குவதால் தாம் இறங்காமல் மேலெழப் போவதாகச் சிறிய விமானத்தின் விமானி அறிவிக்கவும் செய்தார். சற்று நேரத்தில் இரண்டும் மோதின. மூவர் மாண்டனர்.

பேசாததால் மோதினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நம்மோடு மோதவரும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்கும். கடைசி நொடிகளில்தான் சட்டெனப் பெரிதாகும். அசைவதைத்தானே கண் எளிதில் பிடிக்கும்? போதாக்குறைக்கு இறக்கை வேறு மறைக்கும். செஸ்னா 152இன் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருப்பதால், திரும்பும்போது திரும்பும் பக்கமே தெரியாது.

எல்லா இடத்திலும் கோபுரம் கட்டச் சொல்வது நடவாத காரியம். ஆனால் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி 2020 முதல் அங்கே நெரிசல் மிகுந்த வான்வெளியில் கட்டாயம். பிறர் ஒலிபரப்புவதைப் பெற்றுக் காட்டும் கருவியோ கட்டாயமில்லை. சொல்வது கடமை, கேட்பது விருப்பம் என்பது என்ன நியாயம்? திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே யார் பார்ப்பது என்று விமானிகள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகவே குரலால் எச்சரிக்கும் கருவிகள் வந்துவிட்டன. கையடக்க ஏற்பிகள் சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன.

கருவி வரும்வரை ஒன்று செய்யலாம். சுற்றுப்பாதையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், வேகமாக வருபவரும் வேகத்தைக் குறைத்து அந்தச் சுற்றிலேயே சேரட்டும். சில நிமிட எரிபொருள்தான் கூடுதலாகச் செலவாகும்.