ஆலை நிலத்தில் இரவு விடுதி: மேடையில் பேச வேண்டியவர் யார்?

மும்பை டிராம்பேயின் சீட்டா கேம்ப், அவசரநிலைக் காலத்தில் உருவான குடியிருப்பு. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டும் என்று கூறி, 1976 மே மாதம் ஜனதா காலனி மக்கள் போலீஸ் படையால் அகற்றப்பட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களில் தமிழ் உழைப்பாளிகள் ஏராளம். இத்தகைய குடியிருப்புகளின் இளைஞர்கள் நகரத்தின் இரவு விடுதிகளுக்குள் நுழைவது பெரும்பாலும் ஆடுவதற்காக அல்ல. கோப்பை கழுவவும் வாசலில் காவல் நிற்கவும்தான்.

ஓரிரு நடிகர்கள் மட்டும் மேடையேறி, தாளத்தோடு பேசியே 'கிளப்' இரவுகளைச் சொல்லும் சிறு நாடகங்கள் மேலைநாடுகளில் பெருகியுள்ளன. சீரழிவுக் கலாச்சாரம் என்று இவற்றை ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இடதுசாரி இயக்கத்திலும் உண்டு. அந்த ஒழுக்கவாதம் யாருக்குப் பயன்படும் என்பதை மகாராஷ்டிர அரசே காட்டியது. 2005இல் பீர் பார்களிலும் பெர்மிட் ரூம்களிலும் நடனம் தடை செய்யப்பட்டது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கும் ஜிம்கானாக்களுக்கும் விலக்கு! ஏழைப் பெண் ஆடினால் ஆபாசம், பணக்காரர் விடுதியில் ஆடினால் கலை. உயர்நீதிமன்றம் 2006இல் இத்தடையை ரத்து செய்தது; உச்சநீதிமன்றம் 2013இல் அதை உறுதி செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பறிபோன கூலியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இன்னொரு கேள்வி நிலம் பற்றியது. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஆலைகளின் நிலத்தில்தான் வணிக வளாகங்களும் விடுதிகளும் முளைத்தன. 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் மேல்தள விடுதிகள் தீப்பற்றி 14 பேர் மாண்டபோது, 'மில்ஸ்' என்ற பெயர் மட்டுமே அங்கு மிஞ்சியிருந்த தொழிலாளர் வரலாறு.

இதையெல்லாம் சொல்லப் பெரிய அரங்கம் தேவையில்லை. ராமு ராமநாதன் எழுதி சுனில் ஷான்பாக் இயக்கிய 'காட்டன் 56, பாலியஸ்டர் 84' நாடகத்தில் வேலையிழந்த இரு ஆலைத் தொழிலாளிகளின் பேச்சிலேயே அழிந்த ஆலைப்பகுதி எழுந்து நிற்கிறது. சைக்கிள் நிறுத்துமிடமும் தேநீர் வசதியும் கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்டதை ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் 'மெஷின்' என்ற மிகச் சிறிய வீதி நாடகமாக்கியது. தாராவி இளைஞர்களோ தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ராப் பாடுகின்றனர். 'காலா' (2018) படத்திலும் அக்குரல் ஒலித்தது.

ஆகவே கிளப்பைப் பற்றிய நாடகம் டிராம்பேயிலிருந்தும் வரலாம், வர வேண்டும். கலைக்குழுத் தோழர்களுக்கு இரண்டு நடிகர்கள் போதும். விடுதி மூடியபின், மான்குர்த் செல்லும் முதல் ரயிலுக்காகக் குர்லா நிலையத்தில் காத்திருக்கும் இரு ஊழியர்கள் பேசட்டும்: மிகைநேரக் கூலி ஏன் வரவில்லை, டிப்ஸில் மேலாளர் எடுத்த பங்கு எவ்வளவு, தீப்பிடித்தால் வெளியேறும் கதவு எந்தப் பக்கம்?